மணிக்கணக்கு காட்டும் வாரத் திட்டக் குறிப்பேடு: வேலைக்குப் போகும் மாணவருக்கு எவ்வளவு உதவும்?

மாணவர்களுக்கென்று விற்கப்படும் பிளானர்களில் பெரும்பாலானவை ஓர் எளிய நம்பிக்கையின்மேல் வடிவமைக்கப்பட்டவை: மாணவருக்கு மறதி அதிகம், ஆகவே நினைவூட்டினால் போதும். எந்தப் பாடத்தின் அசைன்மென்ட்டை எந்தத் தேதியில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவைக்க அழகழகான கோடுகள் இருக்கும். அதைச் செய்து முடிக்கும் நேரம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்க ஒரு கோடுகூட இருக்காது. படித்துக்கொண்டே பகுதிநேர வேலைக்கும் போகிறவருக்கு மறதி இரண்டாம்பட்சச் சிக்கல்தான். வகுப்பு, ஷிப்ட், பயணம், தூக்கம், சாப்பாடு எல்லாம் போக ஒரு வாரத்தில் வீட்டுப்பாடத்துக்கும் தனக்கும் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பது தெரியாமல் இருப்பதே முதல் சிக்கல். ஒரு செமஸ்டர் முழுவதும் நான் பயன்படுத்திய, மணிவாரியாகக் கட்டம் போட்ட வாரத் திட்டக் குறிப்பேட்டை இந்த ஓர் அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பல பெயர்களில் அச்சிட்டு விற்பதால், பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

குறிப்பேடு ஏ5 அளவிலானது. விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு வாரம். இடது ஓரத்தில் வீட்டுப்பாடத்துக்கென ஒரு பத்தி, அதையடுத்து திங்கள் முதல் புதன் வரை மூன்று பத்திகள், வலது பக்கத்தில் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு பத்திகள். ஒவ்வொரு பத்தியும் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை அரைமணிக்கு ஒரு கோடாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் அடியில் ‘இரவு’ என்ற தலைப்புடன் மணி குறிக்கப்படாத ஒரு சிறு பெட்டி உண்டு. அதைப் பற்றிய என் மனத்தாங்கலைப் பின்னால் சொல்கிறேன். தேதி அச்சிடப்படவில்லை, நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இது குறையாகத் தோன்றலாம், ஆனால் கல்வியாண்டு பெரும்பாலும் ஜனவரியில் தொடங்குவதில்லை. தேதி அச்சிட்ட பிளானரை வாங்கினால் பாதிப் பக்கங்கள் முதல் நாளே வீணாகிவிடும். தேர்வு முடிந்து எதையும் எழுதாமல் விட்ட வாரங்கள் வெற்றுப் பக்கங்களாக நின்று நம்மைப் பார்த்துப் பழிப்பதும் இல்லை.

சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களுக்கும் மற்ற நாட்களுக்குரிய அதே அகலம் கொடுத்திருப்பதுதான் இந்த அமைப்பின் முதல் நல்ல அம்சம். அலுவலகம் போகிறவர்களை மனத்தில் வைத்து அச்சிடப்படும் பிளானர்களில் இந்த இரண்டு நாட்களையும் ஒரே பத்தியில் மேலும் கீழுமாக நெருக்கி வைத்திருப்பார்கள். பகுதிநேர வேலையில் இருக்கும் மாணவருக்கோ வாரக் கடைசிதான் வேலை நாள். நீளமான ஷிப்டுகள் பெரும்பாலும் அப்போதுதான் விழும், விட்டுப்போன வீட்டுப்பாடமும் அந்த இரண்டு நாட்களின் தலையிலேயே வந்து விடியும். வாரத்தின் மிக நெரிசலான நாட்களுக்கு மிகக் குறைந்த இடம் தரும் பிளானர், அந்த மாணவரின் வாழ்க்கையை எட்டிப் பார்க்காமலே தயாரானது என்று துணிந்து சொல்லிவிடலாம்.

இனி கணக்குக்கு வருவோம். வாரத்தில் 168 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரத் தூக்கம் என்று வைத்து 56 மணி நேரத்தைக் கழித்தால் மீதி 112. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 16 மணி நேரம், அதை 7 நாட்களால் பெருக்கினால் வருவதும் அதே 112. அதாவது, குறிப்பேட்டில் அச்சிடப்பட்டிருக்கும் கட்டங்கள் தூக்கம் போக மிஞ்சிய மொத்த நேரத்துக்கும் சரியாகப் பொருந்துகின்றன. தூக்கத்தைக் கழிக்காமல் கணக்குப் போடும் பழக்கம் மாணவர்களிடம் அதிகம் என்பதால், இந்தப் பொருத்தம் தற்செயலாகவே அமைந்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம், பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். இதைத் தொடாமல் மற்றவற்றை எழுதிப் பார்க்கச் சொல்கிறது இந்தப் பக்கம்.

ஒரு மாதிரி வாரத்தை நிரப்பிப் பார்க்கலாம். வகுப்புகளுக்கு 18 மணி நேரம், வேலைக்கு 20, போகவர 8, சாப்பிட, குளிக்க, துணி துவைக்க, சமைக்க என்று நாளொன்றுக்கு இரண்டரை மணி வீதம் பதினேழரை. இவற்றையெல்லாம் பென்சிலால் நிழலிட்டு முடித்தால் 112இல் மீதி நாற்பத்தெட்டரை மணி. பார்த்தவுடன் தாராளமாகத்தான் தெரியும். ஆனால், வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் கணக்கில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அதன்படி 18 மணி நேர வகுப்புக்கு 36 மணி நேர வீட்டுப்பாடம். ஐரோப்பியக் கிரெடிட் முறையின் வழியாகப் போனாலும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வருவோம்: முழுநேரப் படிப்பின் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஆக ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். முழுநேரப் படிப்பு என்பதே ஒரு முழுநேர வேலை என்று ஏட்டளவில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதன் மேல்தான் நாம் இன்னொரு வேலையைத் தூக்கி வைக்கிறோம். நாற்பத்தெட்டரையிலிருந்து 36ஐக் கழித்தால் நண்பர்கள், குடும்பம், உடற்பயிற்சி, சும்மா படுத்துக் கிடப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம். “இந்த வாரம் இன்னும் இரண்டு ஷிப்ட் வர முடியுமா?” என்று மேலாளர் கேட்டு நாம் தலையாட்டினால், 8 மணி நேர வேலையும் 2 மணி நேரப் பயணமும் போய் மிஞ்சுவது இரண்டரை.

இந்தக் கழித்தலைச் செய்ய ஒரு துண்டுக் காகிதம் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால், துண்டுக் காகிதத்தில் வரும் பன்னிரண்டரை என்ற எண் எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் கிடக்கிறது என்பதைக் காட்டாது. கட்டத்தில் நிழலிட்டுப் பார்க்கும்போதுதான் அந்த நேரத்தில் பாதி, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அரைமணித் துண்டுகளாகச் சிதறிக் கிடப்பது தெரிகிறது. அரைமணியில் அடுத்த வகுப்புக்கான வாசிப்பை முடிக்கலாம். கட்டுரை எழுத உட்கார முடியாது. நேரம் இருக்கிறது, ஆனால் உதவுகிற அளவில் இல்லை என்ற இந்த உண்மையை எந்தச் செயலியின் பட்டியலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். இந்தக் குறிப்பேடு அளப்பதற்கான பாத்திரம், அவ்வளவே.

அடுத்து இடது ஓரத்தில் உள்ள வீட்டுப்பாடப் பத்தி. என் பார்வையில் இந்தக் குறிப்பேட்டை வாங்குவதற்கான முதன்மைக் காரணமே அதுதான். ஒவ்வொரு வரியிலும் நான்கு இடங்கள்: என்ன வேலை, எப்போது ஒப்படைக்க வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும் என்ற மதிப்பு, கடைசியில் உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது. முதல் இரண்டும் எல்லாப் பிளானர்களிலும் இருப்பவை. மூன்றாவதை எழுதவே முதலில் கை தயங்கும். நான்காவதை எழுதும்போது முகம் சுருங்கும். என் பக்கங்களில் ஒன்றில், புள்ளியியல் ஆய்வறிக்கை ஒன்றுக்கு மதிப்பு 4 என்றும் ஆனது 7 என்றும் இருக்கிறது. தரவை ஒழுங்குபடுத்துவதற்கு ஆகும் நேரம் அந்த 4இல் சேரவே இல்லை. வரைபடங்களுக்குத் தலைப்பிடுவது, மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது, கோப்பைப் பிடிஎப் ஆக மாற்றித் தளத்தில் ஏற்றுவது போன்ற சில்லறை வேலைகளையும் மனம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இது தனிமனித சோம்பேறித்தனம் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலை முடிய ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் மனப்போக்குக்கு டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இலேயே பெயர் சூட்டிவிட்டார்கள். ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் அது எப்போது முடியும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சராசரியாகச் சொன்னது 33.9 நாட்கள், உண்மையில் ஆனது 55.5 நாட்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாளாகும் என்று தனியாகவும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன சராசரிகூட 48.6 நாட்கள்தான். மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிப் போயிருக்கிறது. தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

‘ஆனது’ என்ற அந்தக் குறுகிய இடம் இங்கேதான் கைகொடுக்கிறது. சில வாரங்கள் விடாமல் எழுதிவந்தால், ஒவ்வொரு வகை வேலைக்கும் நம் மதிப்பு எத்தனை மடங்கு பிசகுகிறது என்பது பிடிபடும். வாசிப்பில் என் மதிப்பு பெரிதாகத் தவறுவதில்லை. கணக்குப் பயிற்சிகளில் கொஞ்சம் கூடும். எழுத்து வேலையில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குழுவாகச் செய்யும் புராஜெக்ட் எந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை. இப்போது கட்டுரைக்கு 3 மணி நேரம் என்று மனம் சொன்னால் கட்டத்தில் 6 மணி நேரத்தை ஒதுக்குகிறேன். முன்கூட்டியே முடிந்துவிட்டால் அந்த நேரம் எனக்கு. இது வரை அப்படி முடிந்தது குறைவுதான் என்றாலும், இரவு 11 மணிக்கு மேல் இழுத்துக்கொண்டே போவது கணிசமாகக் குறைந்திருக்கிறது. பொதுவான அறிவுரை எதுவும் தர முடியாத, அவரவருக்கே உரிய எண் இது. அதை நாமே கண்டுபிடிக்க ஒரு விரற்கடை அகலம் ஒதுக்கிய வடிவமைப்பாளரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெரிய அசைன்மென்ட்டைத் துண்டுகளாக்குவதற்கு வசதியாக, வரிகளின் கீழ் மூன்று சிறு பெட்டிகளும் உண்டு. நான் அவற்றில் இடைக்கெடுக்களை எழுதிக்கொள்கிறேன். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்ட்டன்பிராக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிழை திருத்தும் வேலை பெற்றவர்களில், சீரான இடைவெளியில் கெடு விதிக்கப்பட்டவர்களே அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள்; கெடுவைத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள் அடுத்த இடத்திலும், எல்லாவற்றையும் கடைசி நாளில் கொடுத்தால் போதும் என்று விடப்பட்டவர்கள் கடைசியிலும் வந்தார்கள். நமக்கு நாமே வைக்கும் கெடுவுக்கு ஆசிரியர் வைக்கும் கெடுவின் கடுமை வராது என்றாலும், ஒன்றும் இல்லாததைவிட அது மேல்.

இனிக் குறைகள். முதலாவது, நான் மேலே சொன்ன ‘இரவு’ப் பெட்டி. இரவு 10 மணிக்கு மேல் உலகம் தூங்கிவிடும் என்று கட்டம் போட்டவர் நினைத்திருக்கிறார். மாலை ஷிப்ட் முடிந்து 10 மணிக்கு வெளியே வந்து, வீடு சேர்ந்து, சாப்பிட்டு, 11 மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் மாணவரின் நாள் அந்தப் பெட்டிக்குள்தான் நடக்கிறது. அங்கே மணிக்கோடுகள் கிடையாது. அதே சமயம் காலை 6 முதல் 8 வரை உள்ள கட்டங்கள், தூங்க வேண்டிய நேரம் என்பதால், வெறுமனே கிடக்கின்றன. மொத்தக் கணக்கு 112 சரியாக வந்தாலும் அந்த 112 எங்கே தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மணியை அச்சிடாமல் வெறும் கோடுகளை மட்டும் விட்டிருந்தால் காலை 9 மணியிலிருந்து நாமே எழுதிக்கொண்டிருக்கலாம். இப்போது அச்சிட்ட எண்களின் மேல் வேறு எண்களை எழுத வேண்டியிருக்கிறது; பக்கம் பார்க்க அலங்கோலமாகிவிடுகிறது. இரவு ஷிப்ட் மட்டுமே பார்ப்பவர்கள் இந்தப் பதிப்பை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இரண்டாவது, காகிதம். எழுதுவதற்கு வழவழப்பாக இருக்கிறது, ஜெல் பேனா மை பின்பக்கத்துக்கு ஊறுவதில்லை. ஆனால் அந்த வழவழப்பே பென்சிலுக்கு எதிரி. அழுத்தி எழுதினால்தான் பிடிக்கிறது, அழுத்தி எழுதியதை அழித்தால் சாம்பல் நிறத் தீற்றல் படிந்துவிடுகிறது. ஷிப்ட் அட்டவணை வார நடுவில் மாறுவது இந்த வகை வேலைகளில் அன்றாடம் நடப்பது. சக பணியாளருக்கு உடம்பு சரியில்லை என்றால் என் வியாழக்கிழமை முழுவதும் தலைகீழாகும். எனவே மாறக்கூடியதைப் பென்சிலிலும் மாறாததைப் பேனாவிலும் எழுதுவதுதான் முறை. மாறக்கூடியதே அதிகம் என்பதால், பென்சிலை ஏற்காத காகிதம் ஓர் உண்மையான இடைஞ்சல். நான் ஷிப்டுகளை மட்டும் ஒட்டி எடுக்கக்கூடிய சிறு தாள்களில் எழுதி ஒட்டிக்கொள்கிறேன். ஷிப்ட் நகர்ந்தால் தாளும் நகரும். குறிப்பேட்டோடு வரும் ஸ்டிக்கர் தாளில் பூக்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் பதிலாக இப்படி எதையாவது கொடுத்திருக்கலாம்.

கம்பிச்சுருள் பைண்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது. பைக்குள் மடிக்கணினியின் அடியில் சிக்கினால் நசுங்குகிறது.

மூன்றாவது குறை எல்லாக் காகிதக் குறிப்பேடுகளுக்கும் பொதுவானது: அது குரல் கொடுக்காது. இரவு 11.59க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டிய அசைன்மென்ட்டை, பைக்குள் மூடிக் கிடக்கும் குறிப்பேடு நினைவூட்டப் போவதில்லை. அதற்குக் கைப்பேசி நாட்காட்டியே சரி. மூடில், கேன்வாஸ் போன்ற கற்றல் தளங்கள் கெடுத் தேதிகளை நாட்காட்டி இணைப்பாகத் தருகின்றன; ஒரு முறை அந்த முகவரியைக் கைப்பேசி நாட்காட்டியில் சேர்த்துவிட்டால், ஆசிரியர் தேதியை மாற்றும்போது இங்கேயும் தானாக மாறும், சில மணி நேரம் தாமதமானாலும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் தேதிகளைக் கையால் எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஆனாலும் நாட்காட்டியில் கெடு என்பது ஒரு புள்ளியாக மட்டுமே நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவில் ஒரு சிறு கோடு தெரியும். அதற்கு முன்னால் தேவைப்படும் 6 மணி நேரம் எங்கும் தெரியாது. அதனால் செவ்வாயும் புதனும் காலியாக இருப்பது போன்ற தோற்றம் தருகின்றன, கூடுதல் ஷிப்டுக்கு மனம் இசைந்துவிடுகிறது. அந்த 6 மணி நேரத்தை நாட்காட்டியிலேயே நிகழ்ச்சிகளாகப் போட்டுவைக்கலாம்தான். கைப்பேசிச் சிறுதிரையில் ஏழு நாட்களையும் ஒரே பார்வையில் பார்ப்பது கண்ணுக்குச் சிரமம் என்பதும், அதைத் திறக்கும்போதே வேறு பத்து அறிவிப்புகள் வரிசையில் நிற்கும் என்பதும்தான் என்னைக் காகிதத்தின் பக்கம் வைத்திருக்கின்றன. கெடுவைக் கைப்பேசியிலும் உழைக்கும் நேரத்தைக் குறிப்பேட்டிலும் வைத்துக்கொள்வதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

ஒவ்வொரு நாளின் அடியிலும் நான்கு தக்காளிப் படங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1980களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து உருவாக்கிய முறையைத்தான் அவை குறிக்கின்றன: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் நீண்ட ஓய்வு. உட்கார மனம் வராத வேலைக்கு, சொற்களை மனப்பாடம் செய்வது, ஒரே மாதிரிப் பயிற்சிக் கணக்குகளைப் போடுவது போன்றவற்றுக்கு, இந்த முறை நன்றாகவே ஒத்துவருகிறது. வேலையிலிருந்து களைத்து வந்த இரவில், ‘25 நிமிடம் மட்டும்’ என்று மனத்தைச் சமாதானப்படுத்தி உட்காரவும் முடிகிறது. ஆனால் நிரல் எழுதும்போதும் கட்டுரை எழுதும்போதும் பொருளுக்குள் நுழையவே கால்மணி போய்விடும். சூடு பிடிக்கிற நேரத்தில் மணி அடிக்கும். அப்படிப்பட்ட வேலைக்கு ஒன்றரை மணி நேரத்தை முழுதாகக் கட்டத்தில் ஒதுக்கிவிட்டு டைமரைத் தொடாமல் இருப்பதே மேல். எல்லா நாளுக்கும் அதே நான்கு தக்காளி என்று அச்சிட்டது ஒப்புக்குச் சேர்த்த அலங்காரமாகவே படுகிறது.

சொந்த நேரம் என்ற பகுதியில்தான் இந்தக் குறிப்பேடு என்னை மிகவும் ஏமாற்றியது. பக்கத்தின் கீழ்க்கோடியில் எட்டுத் தண்ணீர்க் குவளைகள், ஒரு சிரித்த முகம், ஒரு வாடிய முகம், ‘இன்று எனக்காக நான் செய்தது’ என்று ஒரு வரி. ஓய்வையும் நிரப்ப வேண்டிய இன்னொரு படிவமாக்கிவிட்டார்கள். களைத்து விழும் இரவில் அந்த வரி காலியாக இருப்பதைப் பார்ப்பது, ஒப்படைக்காத வீட்டுப்பாடம் ஒன்றைக் கூடுதலாகப் பார்ப்பது போலத்தான். வாரத்துக்கொரு பொன்மொழி வேறு. மூன்றாவது வாரத்திலிருந்து அதைப் படிப்பதை விட்டுவிட்டேன். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சொந்த நேரத்தை மேலே உள்ள மணிக்கட்டங்களில் முதலிலேயே பேனாவால் போட்டுவிடுவதுதான் வேலைக்கு ஆகிற வழி. ஷிப்டைப் போட்ட கையோடு, வீட்டுப்பாடத்தைத் தொடுவதற்கு முன், வாரத்தில் ஒரு மாலையையாவது அடைத்துவிட வேண்டும். மிஞ்சினால் ஓய்வு என்று வைத்தால் மிஞ்சவே மிஞ்சாது, ஏனென்றால் வீட்டுப்பாடம் கிடைக்கிற இடமெல்லாம் பரவும் குணம் உடையது.

ஒதுக்கிய ஓய்வு ஓய்வாகவே கழிவதற்கும் கட்டங்கள் மறைமுகமாக உதவுகின்றன. முடிக்காத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது யாரும் அறிந்ததே. மசிகாம்போ, பாமைஸ்டர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வுகளில், நிறைவேறாத இலக்கு வேறு வேலையின் நடுவே குறுக்கிடுவதையும், அதை எப்போது எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டால், வேலை முடியாமலே அந்தக் குறுக்கீடு அடங்கிவிடுவதையும் கண்டார்கள். ‘வேதியியல் ரெக்கார்ட் எழுத வேண்டும்’ என்பது நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும்போதும் கூடவே உட்கார்ந்திருக்கும். ‘வேதியியல் ரெக்கார்ட், வியாழன் 4 முதல் 6, நூலகத்தில்’ என்பது வியாழன் வரை பேசாமல் இருக்கும். வேலையிடத்தில் கல்லாவில் நிற்கும்போது வீட்டுப்பாடத்தைப் பற்றியும், வீட்டுப்பாடத்தில் இருக்கும்போது அடுத்த ஷிப்டைப் பற்றியும் நினைத்துக்கொண்டு இரண்டையும் அரைகுறையாகச் செய்வது எனக்குக் குறைந்திருக்கிறது என்றால், அதற்கு இந்தப் பத்திகளுக்கே நன்றி சொல்ல வேண்டும்.

மாதக் காட்சிப் பக்கங்கள் வழக்கமானவைதான் என்றாலும் ஒரு பயன் உண்டு. செமஸ்டரின் முதல் வாரத்திலேயே எல்லாப் பாடத்திட்டங்களிலிருந்தும் தேர்வுத் தேதிகளையும் பெரிய அசைன்மென்ட்டுகளின் கெடுக்களையும் அதில் எழுதிவிட்டால், எல்லா ஆசிரியர்களும் பேசிவைத்ததுபோல ஒரே வாரத்தில் வைத்திருக்கும் நெரிசல்கள் இரண்டு மாதம் முன்னதாகவே தெரிந்துவிடும். அந்த வாரத்துக்கு ஷிப்ட் குறைத்துத் தரும்படி இப்போதே கேட்டால் பெரும்பாலான மேலாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். முந்தின நாள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆசிரியரிடம் கெடு நீட்டிப்புக் கேட்பதற்கும் இதே நியாயம்தான்.

எந்தக் குறிப்பேட்டாலும் தீர்க்க முடியாத வாரங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. கட்டங்களை நிரப்பி முடித்ததும் வீட்டுப்பாடத்துக்குத் தேவையான மணிகளைவிடக் காலிக் கட்டங்கள் குறைவாக இருந்தால், அதைத் திட்டமிட்டுச் சரிசெய்ய முடியாது. ஷிப்டைக் குறைக்க வேண்டும், அல்லது ஒரு பாடத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ள வேண்டும், அல்லது எந்த வேலையைச் சுமாராகச் செய்வது என்று மனமறிந்து முடிவெடுக்க வேண்டும். கட்டணம் கட்டவே வேலைக்குப் போகிறவருக்கு முதல் வழி அடைபட்டிருக்கும். அவரிடம் நேர மேலாண்மை பற்றிப் பேசுவது ஏட்டுச் சுரைக்காய்தான். அவருக்கு இந்தக் குறிப்பேடு தரக்கூடியது ஒன்றே: கணக்கு உதைப்பது தன் சோம்பலால் அல்ல, மணிகள் போதாததால் என்பதற்கான எழுத்துச் சான்று. கல்வி ஆலோசகரின் முன் அந்தப் பக்கத்தை விரித்துவைத்துப் பேசுவது, ‘ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது’ என்று மொட்டையாகச் சொல்வதைவிட எடுபடும்.

வேலைக்குப் போகாத, நிலையான கால அட்டவணை உள்ள பள்ளி மாணவர்களுக்கு இவ்வளவு நுணுக்கமான கட்டம் தேவையில்லை. கெடுப் பட்டியலும் ஓர் அலாரமும் போதும். குழு புராஜெக்ட்டுகளே அதிகம் உள்ள படிப்பில் இருப்பவர்களுக்கும் இது முழுதாக ஒத்துவராது, ஏனென்றால் நம் பையில் இருக்கும் காகிதத்தை நண்பர்கள் பார்க்க முடியாது. அங்கே பகிர்ந்துகொள்ளும் நாட்காட்டி வேண்டும். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்து, ஷிப்ட் நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும் கல்லூரி மாணவர்களுக்குத் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன். செலவழிக்க விருப்பமில்லாதவர்கள் ஒரு கோடு போட்ட நோட்டையும் ஒரு ஸ்கேலையும் எடுத்து ஏழு பத்திகளையும் ஓர் ஓரப் பத்தியையும் தாங்களே வரைந்துகொள்ளலாம். ஒரு வாரத்தை வரையச் சில நிமிடங்கள்தான் ஆகும், மணிகளையும் அவரவர் விழிக்கும் நேரத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

அடுத்த செமஸ்டருக்கும் இதே அமைப்பைத்தான் வாங்கப்போகிறேன், மணி அச்சிடாத பதிப்பு கிடைத்தால். கடையில் வாங்குவதானால் நடு வாரப் பக்கம் ஒன்றைப் பிரித்து மூன்றைப் பார்த்துவிடுங்கள்: சனி, ஞாயிறு பத்திகள் மற்றவற்றின் அகலத்துக்கு இருக்கின்றனவா, ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை எழுத இடம் இருக்கிறதா, காகிதம் பென்சிலைப் பிடிக்குமா. இணையத்தில் வாங்குவதானால் அட்டைப்படத்தை நம்பாமல் உள்பக்கப் படம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பென்சில் சங்கதியை மட்டும் கையில் வந்த பிறகுதான் சோதிக்க முடியும்.